கட்டைவிரல் மறைத்த வரி

என் வீட்டுக்காரருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. நான் நலமாக இல்லை. உங்கள் நலம் என்னவென்று உங்களுக்கே தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டேன் என்று அடம்பிடிக்கிறீர்கள். அதனால் அந்த வரியை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கடிதத்தை உங்கள் அறைத்தோழன் நெட்டையிடம் கொடுத்து அனுப்புகிறேன். கடைசி வரிவரை நீங்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவனை முறைக்க வேண்டாம். அவன் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. விடுமுறைக்கு ஊர் வந்தவன், நீங்கள் கொடுத்தனுப்பிய பொட்டலத்தோடு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, வெள்ளை மனதோடு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அண்ணி, அண்ணனுக்கு அந்த ரெண்டாவது ஊசி எடுத்தாச்சா? ரிசல்ட் என்ன வந்துச்சு?"

எனக்கு எந்த ஊசியும் தெரியாது. ஆனால் பதினெட்டு வருடமாக ஒரு நோய்க்குறி ஆய்வகத்தில் ரிப்போர்ட் டைப் அடிக்கிறவளுக்கு முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளத் தெரியும். அங்கே ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் தாளைப் பார்ப்பதற்கு முன்னால் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதே முகத்தோடு, "இன்னும் வரலப்பா, நீ போனப்ப டாக்டர் என்ன சொன்னாருன்னு இன்னொரு தரம் சொல்லேன்" என்றேன். பாவம், ஒன்றுவிடாமல் சொன்னான். அந்த ஊர் மொழி உங்களுக்கு வராது என்பதால் ஆஸ்பத்திரிக்கு அவனைத்தானே கூட்டிப்போயிருக்கிறீர்கள். டாக்டர் சொன்னதை உங்கள் காதில் வார்த்தை வார்த்தையாகச் சொன்னவனே அவன்தான். "இந்த மாதிரி போதலை. பதினஞ்சு நாளுக்குள்ள வாங்க, தடி ஊசியால சதை எடுத்துப் பார்க்கணும்" என்றாராம் டாக்டர். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, அறையில் இருக்கும் ஆறு பேருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தீர்களாம். "ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சு, வீட்டுக்கு நானே சொல்லிக்கிறேன்" என்றீர்களாம். அது நடந்து ஆறு வாரம் ஆகிறது. அவனுக்கு மறுவாரமே விடுமுறை கிடைத்து, நேராகத் தன் ஊருக்குப் போய்விட்டு, திரும்புகிற நேரத்தில்தான் இங்கே வந்தான். வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

எனக்கும் சொன்னீர்கள். படமே அனுப்பினீர்கள். ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, 'புற்றுநோய் அணுக்கள் காணப்படவில்லை' என்ற வரி பளிச்சென்று தெரிகிற மாதிரி ஒரு படம். அதற்குக் கீழே உங்கள் கட்டைவிரல். நகத்தில் கிரீஸ் அப்பிய அந்தத் தடித்த விரல், அதற்கு அடுத்த வரியை முழுசாக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தீர்களே, யாரிடம் வந்தோம் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? அந்த மாதிரி ரிப்போர்ட்டை ஒரு நாளைக்கு நாற்பது அடிக்கிறேன். மாதிரி போதுமானதாக இருந்தால் டாக்டர்கள் ஆறேழு வரி எழுதுவார்கள். என்ன அணுக்கள் தெரிந்தன, எப்படி இருந்தன என்று விவரமாக வரும். மூன்றே வரியில் முடிந்தால் அதற்கு ஒரே பொருள்தான். ஊசியில் வந்ததில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் புற்றுநோய் அணு மட்டும் எங்கிருந்து தெரியும்? பூட்டிய வீட்டின் வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே திருடன் இல்லை என்று எழுதிக் கொடுக்கிற கதைதான்.

அந்தப் படத்தை அன்றைக்கே இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிகள் குறைவு என்று தெரிந்தது. கட்டைவிரலும் தெரிந்தது. இந்த மனுஷனுக்கு ஒரு தாளை ஒழுங்காகப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டேன். நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன். உங்கள் மேல் எவ்வளவு கோபமோ அதில் பாதி என் மேலும் உண்டு. இப்போது, ஆஸ்பத்திரியில் நெட்டை தன் போனில் எடுத்து வைத்திருந்த முழுப் படத்தையும் பார்த்துவிட்டேன். விரலுக்குக் கீழே இருந்தது இதுதான். 'மாதிரி போதவில்லை. தடித்த ஊசியால் திசு எடுத்துப் பரிசோதிக்கவும்.'

உங்கள் மகள் என்னைவிடக் கெட்டிக்காரி. இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டாள். "அப்பா ஏம்மா இப்பல்லாம் வீடியோல கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கிட்டு வர்றாரு, ஸ்கூல் போட்டோ எடுக்கப் போற மாதிரி?" வீட்டில் இருந்தால் சட்டை என்ற ஒன்றே உடம்புக்கு ஆகாது உங்களுக்கு. அங்கே ஏசி குளிர் என்று சொன்னேன் அவளிடம். பட்டன் போட மறந்த ஒருநாள்தான் கழுத்தின் இடது பக்கத்தில், தோளுக்குச் சற்று மேலே, கோலிக்குண்டு மாதிரி நிற்கிறதை நான் பார்த்தேன். அதற்கப்புறம் நான் நச்சரித்துத்தான் நீங்கள் முதல் ஊசிக்கே போனீர்கள்.

ஞாயிறு சாயங்காலம் போன் செய்தேன். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். நீங்கள் சொன்னதை மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். "அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னு நீயும் பார்த்தேல்ல? எட்டு மாசம் சும்மா இருந்த கட்டி. ஊசியை வச்சுக் குத்தினாங்க. ஒரே மாசத்துல பெருசாச்சு, நாலு மாசத்துல ஆளே போயிட்டான். அந்தச் சனியனை என் கழுத்துல கிளற விடமாட்டேன். இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்." அதோடு வைத்துவிட்டீர்கள். அதற்கப்புறம் நான் பேசினால் சிக்னல் இல்லை, மகள் பேசினால் மட்டும் சிக்னல் வருகிறது. அந்தச் சிக்னலுக்குத்தான் எவ்வளவு விவரம்.

இருக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போவாராம். யாரைக் கேட்டு? பதினேழு வருடமாக இந்த வீட்டில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்குக்கூட என்னோடு சண்டை போடுகிறவர், இதை மட்டும் தனியாக முடிவு செய்துகொண்டீர்கள். இருபது மாடி உயரத்தில் ஒரு கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறீர்கள். கீழே நிற்கிறவன் கையைக் காட்டி நிறுத்து என்றால் ஏன் எதற்கு என்று கேட்காமல் நிறுத்துகிறீர்கள், ஏனென்றால் மேலே இருந்து பார்த்தால் கீழே என்ன நடக்கிறதென்று தெரியாது. யாரோ ஒருவன் கையை நம்புகிறீர்கள். என் கையை நம்பவில்லை.

ஊசியைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே எங்கள் ஆய்வக டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். ஊசி குத்தியதால் நோய் பரவுவது அபூர்வத்திலும் அபூர்வம், முப்பது வருடத்தில் தன் கண்ணால் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்றார். தள்ளிப்போட்டதால் பரவியதைப் பார்த்ததற்கு மட்டும் கணக்கே இல்லையாம். கழுத்தில் வருகிற கட்டி எல்லாம் நீங்கள் பயப்படுகிற அதுவே இல்லை, கிருமியால் வீங்கியதாகவும் இருக்கலாம், மாத்திரையிலேயே கரைந்துவிடும் என்றார். அதுவாகவே இருந்தாலும், இப்போதே பிடித்தால் முழுசாகக் குணமாகிற வகைகள் இருக்கிறதாம். "எதுன்னு நானும் சொல்ல முடியாது, உங்க வீட்டுக்காரரும் சொல்ல முடியாது. அந்த ஊசிதான் சொல்லணும்" என்றார்.

தடி ஊசி என்ற பேரைக் கேட்டுத்தான் நீங்கள் கடப்பாரையைக் கற்பனை செய்துகொண்டிருப்பீர்கள். முதலில் இடத்தை மரத்துப்போகச் செய்வார்கள். ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே குத்துவார்கள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். நல்ல டாக்டராக இருந்தால் திடுக்கிடாமல் இருக்க, குத்துவதற்கு முன்னாலேயே அந்தச் சத்தத்தை ஒருதரம் கேட்கச் சொல்லுவார். நாலைந்து தரம் அடிப்பார்கள். வருவது, தையல் நூலை வெட்டிப் போட்ட மாதிரி சின்னச் சின்னத் துண்டுகள். ஒரு குப்பியில் மருந்துக்குள் போட்டு எங்களைப் போன்ற இடத்துக்கு அனுப்புவார்கள். மெல்லிய ஊசியில் உதிரி அணுக்கள் மட்டும்தான் வரும், சமயத்தில் அதுவும் வராது. உங்களுக்கு வரவில்லை. இதில் சதையே வரும், அதனால் தெளிவாகச் சொல்லிவிடலாம். ஒரு பஞ்சும் பிளாஸ்டரும் ஒட்டி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போன வருடம் கிரேன் கம்பி கிழித்துக் கையில் ஒன்பது தையல் போட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த ஆளுக்கு இது ஒன்றுமே இல்லை.

இதையெல்லாம் சொன்னாலும் நீங்கள் போகமாட்டீர்கள். எனக்குத் தெரியும். டாக்டரம்மா என்ன சொன்னாலும் உங்களுக்கு உங்கள் அண்ணன்தான் சாட்சி. ஊசிக்கு முன்னால் நடமாடிய மனுஷன், ஊசிக்குப் பின்னால் ஒரே மாதத்தில் துவண்டு போனதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். அப்பா போன பிறகு தன் படிப்பை விட்டுவிட்டு லாரிப் பட்டறையில் கரி பூசிக்கொண்டு உங்களைப் படிக்க வைத்த அண்ணன். அந்த ஒரு மாதத்தை மறக்கச் சொல்லி யார் சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை.

அதனால் அந்த ஒரு மாதத்தைப் பற்றி எழுதுகிறேன். இதை எழுதுவதற்குத்தான் இந்தக் கடிதம். மேலே எழுதியதெல்லாம் இதை எழுதப் பயந்து எழுதியது.

உங்கள் அண்ணனின் ரிப்போர்ட் ஒரு செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. ஊசி எடுத்த ஆறாம் நாள். டாக்டரம்மா சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். முதல் வரியில் பேரும் வயதும். என் விரல் நிற்கவில்லை. ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்து முடித்தேன். வீட்டு ஆள்தான், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளை என் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முதலில் அத்தையிடம் சொன்னேன். சமையலறையில், உங்கள் அம்மா கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்கள். உங்கள் அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு அன்றிலிருந்து பத்தொன்பது நாள் இருந்தது. அத்தை அடுப்பை அணைத்தார்கள். பிறகு, "எட்டு மாசம் இருந்தது, இன்னும் பத்தொன்பது நாள் இருக்காதா? பொண்ணு கல்யாணத்தை அவன் சிரிச்சுக்கிட்டே நடத்தட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார்கள். நான் சரி என்றேன். அவர்கள் கட்டாயப்படுத்தினார்கள் என்று எழுத மாட்டேன். அவர்களுக்கு அந்தத் தாளில் இருந்தது படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைத் தெரிந்தவள் சரி என்று சொன்னேன்.

உங்கள் அண்ணன் என்னிடம் மூன்று தரம் கேட்டார். முதல்தரம் "பேப்பர் வந்துச்சாம்மா?" என்றார். இன்னும் வரவில்லை, மறுபடியும் பார்க்கிறார்களாம் என்றேன். இரண்டாம் தரமும் அதையே சொன்னேன். மூன்றாம் தரம் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால். அதற்குள் கட்டி வெளியே தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது, துண்டைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். "என்னம்மா, உங்க ஆபீஸ்ல டைப் அடிக்க ஆளே இல்லையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த ஆறு வருடத்தில் அந்தச் சிரிப்பு ஞாபகம் வராமல் ஒரு ரிப்போர்ட்கூட அடித்ததில்லை.

நீங்களும் அப்போது விடுமுறையில் வீட்டில்தான் இருந்தீர்கள். ஒருநாள் வாசல் சாவியைத் தேடி, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அந்தக் கைப்பைக்குள் கையை விட்டீர்கள். நான் ஓடிவந்து பிடுங்கினேன். "பொம்பளைங்க பையில அப்படி என்னதான் வச்சிருப்பீங்களோ" என்று கேலி செய்துவிட்டுப் போனீர்கள். உங்கள் விரலுக்கும் அந்தத் தாளுக்கும் நடுவில் ஒரு சீப்பும் ஒரு கைக்குட்டையும்தான் இருந்தன.

கல்யாணம் முடிந்த இரண்டாம் நாள் ரிப்போர்ட் இன்றுதான் வந்தது என்று கொடுத்தேன். அதில் தேதி இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. தேதியை மட்டும் மாற்றி இன்னொரு தாள் அச்செடுத்தேன். டாக்டரம்மா தினம் நாலு மணிக்கு நாற்பது தாளில் ஒரே மூச்சாகக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கட்டுக்கு நடுவில் செருகினேன். அவரும் போட்டுவிட்டார். நீங்கள் கட்டைவிரலை வைத்து ஒரு வரியை மறைத்தீர்கள். நான் அதைவிடச் சுத்தமாகச் செய்தேன், யாருக்கும் தெரியவில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊசி குத்தி ஒரே மாதத்தில் அவர் துவண்டார் என்று நாலு பேர் பேசினார்கள் இல்லையா, அந்த ஒரு மாதத்தை ஊசி உண்டாக்கவில்லை. நான் உண்டாக்கினேன். ஆறாம் நாளே வைத்தியம் தொடங்கியிருக்கலாம். இருபத்தொரு நாள் அந்தத் தாள் என் பைக்குள் இருந்தது, கட்டி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போன வீட்டில் முதன்முதலாக உங்கள் அண்ணிதான் அழுதுகொண்டே சொன்னார்கள், "ஊசியைக் குத்திக் கிளறிவிட்டுட்டாங்களே" என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்று மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் நீங்கள் சொன்னீர்கள், சொந்தக்காரர்கள் சொன்னார்கள், ஆறு வருடத்தில் அது நம் குடும்பத்தின் வேதவாக்கு ஆகிவிட்டது. ஒரு பாவமும் அறியாத ஊசி பழியைச் சுமந்தது. அது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதிதான் இப்போது உங்கள் கழுத்தில் வந்து நிற்கிறது.

டாக்டரம்மாவிடம் இதையும் சொல்லிவிட்டேன். அவர் கையெழுத்தை ஏமாற்றி வாங்கியதையும் சேர்த்து. அந்த இருபத்தொரு நாள் வீணாகாமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "அந்த எட்டு மாசம் கண்டிப்பா மாத்தியிருக்கும். இருபத்தொரு நாள் மாத்தியிருக்குமான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொல்றவங்களை நம்பாதே" என்றார். எனக்கு வேலை இருக்குமா போகுமா என்று இனிமேல்தான் சொல்லுவார்கள். அது என் கவலை, நீங்கள் அதைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருப்பது அந்த முதல் தாள். கிழித்துப் போட மனம் வராமல் அலமாரித் தட்டில் விரித்த காகிதத்துக்கு அடியில் ஆறு வருடம் வைத்திருந்தேன். அதில் இருக்கும் தேதியைப் பாருங்கள். பிறகு உங்கள் அண்ணியிடம் போன் செய்து, அவர்கள் ஃபைலில் இருக்கும் தாளின் தேதியைக் கேளுங்கள். வரிகள் ஒன்றாக இருக்கும், தேதி மட்டும் வேறு. போனில் இதைச் சொல்லியிருந்தால் உங்களைப் பயமுறுத்த நான் கதை கட்டுகிறேன் என்பீர்கள். அதனால்தான் ஆள் மூலமாக அனுப்புகிறேன். உங்கள் அண்ணிக்கும் நானே போய்ச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்படி எழுதப் போகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். ஆறு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே வீட்டில், ஒரே சமையலறையில். முதல் ஊசிக்கு முன்னால் உங்களிடம் போனில் "ஊசி மட்டும் குத்திக்காதேடா" என்று அவர்கள் சொன்னபோதுகூட நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், அப்போது கட்டியைப் பற்றி அவர்களுக்கு முழுசாகத் தெரியாது. இப்போது தெரியும். நான் சொன்னதைக் கேட்டு என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பிறகு, "எல்லாத்தையும் என் மேல போட்டு எழுதிடு. உன்னை அவன் மன்னிக்க மாட்டான். என்னை மன்னிச்சிடுவான், பெத்தவ ஆச்சே" என்றார்கள். அப்படி எழுத என் கை ஒப்பவில்லை. பை என்னுடையது, விரலும் என்னுடையது. ஆனால் அவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள். இன்னொரு பிள்ளையைப் பற்றி, "அவனைப் போகச் சொல்லும்மா, நான் சொன்னதை மறந்துட்டுப் போகச் சொல்லு" என்று நேற்றிலிருந்து நாலு தரம் சொல்லிவிட்டார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நெட்டை சனிக்கிழமை அங்கே வந்து சேருவான். அவன் முன்பே பேசி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இடம் வாங்கியாகிவிட்டது. மேலாளரிடமும் அவனே பேசியிருக்கிறான், ஒருநாள் லீவு கிடைக்கும். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்பார்கள், தலைவலிக்கு நீங்களாக வாங்கிப் போடுகிற மாத்திரையின் பேரையும் மறைக்காமல் சொல்லுங்கள். கழுத்துப் பட்டன் இல்லாத பனியனைப் போட்டுக்கொண்டு போங்கள். ரிப்போர்ட் வந்ததும் மேசையில் விரித்து வைத்து, இரண்டு கையையும் எடுத்துவிட்டு, நெட்டையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதில் என்ன இருந்தாலும் வந்த அன்றைக்கே எனக்குத் தெரிய வேண்டும். ஒரு நாள்கூட யார் பைக்குள்ளும் இருக்கக் கூடாது.

என்னைப் பற்றி என்ன முடிவு எடுப்பீர்களோ தெரியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன், நல்லதாக ஒன்றும் தோன்றவில்லை. உங்களுக்கு அண்ணன் என்றால் அப்பா மாதிரி. அந்தக் கோபம் நியாயமான கோபம், அதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கமாட்டேன். மன்னிப்பும் இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. கேட்டால், ஊசிக்குப் போகச் சொல்கிறதற்கு அதை லஞ்சமாகக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். முதலில் திங்கட்கிழமை போங்கள். என்னை வெறுக்கிறதற்குச் செவ்வாய்க்கிழமை இருக்கிறது, அதற்கப்புறம் எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் இருக்க வேண்டும்.

மகளுக்கு இன்னும் எதையும் சொல்லவில்லை. அப்பா எப்போது வருகிறார் என்று மட்டும் கேட்கிறாள். அவளுக்குச் சீக்கிரம் என்று சொல்லியிருக்கிறேன். அத்தை உங்களுக்குத் தன் ஆசியைச் சொல்லச் சொன்னார்கள். நூறு வயது இருங்கள் என்று நானும் சொல்லிக்கொள்கிறேன். திரும்பி வந்த பிறகு ஆயுசு முழுக்க என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று தோன்றினால் சரி, என்னோடு ஒரு வார்த்தை பேச வேண்டாம் என்று தோன்றினாலும் சரி. பேசாமல் இருப்பதென்றால், இந்த வீட்டுக்கு வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, பேசாமல் இருங்கள்.

இப்படிக்கு,
இன்றைய தேதிவரை உங்கள் மனைவி